மகளுக்கு வீட்டை எழுதிய பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

மட்டக்களப்பில் மகளுக்கு வீட்டைக் கொடுக்கும் பத்திரமான சீதன உறுதியை எழுத வருகிற பெற்றோர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வருவார்கள். மருமகனின் கந்தோர் எவ்வளவு தூரம், பேரப்பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். "சரி, நீங்கள் இருவரும் எங்கே இருக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "பிள்ளையோடுதானே, சேர்" என்று கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார். இப்படியான உறுதிகளை எழுதிக்கொடுக்கும் பிரசித்த நொத்தாரிசாக இருக்கிற எனக்கு மிகவும் கவலை தருகிற பதில் அதுதான். ஏனென்றால் அது உறுதியில் எங்கும் எழுதப்படுவதில்லை.

கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும், வழக்கம் ஏறத்தாழ ஒன்றே. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை எங்களுக்குப் பொருந்தாது. இங்கே ஒரு காலத்தில் இருந்த முக்குவர் சட்டமும் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. சட்டம் போய்விட்டது, வழக்கம் மட்டும் நிற்கிறது. ஆகவே உறுதியில் என்ன எழுதுகிறோமோ அதுதான் உங்களுக்குக் காவல். மரபு வந்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்லாது.

நடைமுறை இப்படிப் போகிறது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு மூத்த மகளுக்குப் போகிறது. இரண்டாமவளுக்கு அதே வளவில் பின்பக்கம் ஒரு வீடு எழும்புகிறது. மூன்றாமவளின் முறை வரும்போது கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று மேசன் கேட்கிறார். மணல் நிலத்தில் அது விளையாட்டுக் கேள்வியல்ல. குழியில் இருப்பது கிணற்றுக்கு வந்துவிடும். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் பொதுவான விதிப்படி ஒரு துண்டு ஆறு பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. அதற்குக் கீழே உடைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினால் கோபம் என்மேல்தான். இத்தனைக்கும் பிறகு பெற்றோருக்கு மிஞ்சுவது குசினியோடு ஒட்டிய ஒரு சாய்ப்பு.

அவர்களுக்கும் ஆசை இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள். நகரத்தில் மகளோடு இருக்கிற பல அம்மாமாருக்கு மனம் இன்னும் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில்தான். கொக்கட்டிச்சோலைக் கோயில் திருவிழாவுக்கு முதல் நாளே போய்விட வேண்டும், அறுவடைக்கு வயல் வட்டையில் நிற்க வேண்டும், தன் வீட்டு முற்றத்தைத் தானே கூட்ட வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்த தலைமுறை இது. இப்போது பஸ் போகிறது. போய்ச் சேர்ந்தால் தங்குவதற்குத்தான் வீடு இல்லை. அங்கிருந்த வீட்டை இளைய மகளின் பெயரில் எழுதியாயிற்று, அவள் கட்டாரில் இருக்கிறாள், மருமகன் வாடகைக்கு விட்டிருக்கிறார். எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. எல்லோரும் நல்லவர்கள். ஆனாலும் தன் கையால் கட்டிய வீட்டுக்குப் போக அம்மா மருமகனுக்கு அழைப்பெடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

நன்கொடை உறுதியிலோ சீதன உறுதியிலோ நீங்கள் கையெழுத்து வைத்து, மகளும் ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைத்தால், உரிமை அன்றே மாறிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அந்த வீட்டில் இருப்பது மகளின் அன்பில், மருமகனின் பொறுமையில். இதைத் தவிர்க்க வழி பழையது, எளியது: சீவிய உரித்தை உங்களுக்கென்று ஒதுக்கி எழுதுங்கள். உரிமை மகளுக்குப் போகும், ஆனால் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வசிக்கவும், தேங்காய் பறிக்கவும், வேண்டுமானால் வாடகைக்கு விடவும் உங்களுக்கு உரித்துண்டு. மகள் விற்றாலும் வாங்குகிறவர் அந்த உரித்தோடுதான் வாங்க வேண்டும். வீடு முழுவதற்கும் வேண்டாமென்றால் ஓர் அறைக்கும், கிணற்றுக்கும், வாசலுக்கு வரும் வழிக்கும் மட்டும் எழுதலாம். அந்தப் பகுதியை நில அளவையாளரின் வரைபடத்தில் காட்டிவிட்டால் நல்லது. "பின் அறை" என்று மட்டும் எழுதிய உறுதிகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டை இடித்துக் கட்டிய பிறகு எது பின், எது முன் என்று யார் சொல்வது?

"பிரச்சினை வந்தால் உறுதியைத் திருப்பி எடுக்கலாம்தானே?" என்பார்கள். அவ்வளவு இலேசல்ல. மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடையைப் பெருநன்றிகேட்டின் பேரில் இரத்துச் செய்ய, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். திருமணத்தை முன்னிட்டுக் கொடுத்தது என்றால் அது இன்னும் கடினம். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம், அதற்கென ஒரு சபையும் உண்டு. ஆனால் அது தருவது பராமரிப்பு; எழுதிக்கொடுத்த வீடு அதனால் திரும்பி வராது.

யாரும் வாய்விட்டுப் பேச விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மகள் உங்களுக்கு முன்னால் போய்விட்டால்? இறுதி விருப்பாவணம் இல்லாமல் அவள் இறந்தால், பொதுச் சட்டப்படி அவளுடைய சொத்தில் பாதி கணவருக்குரியது; மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பங்களில் பங்கு வேறு: பிள்ளைகள் இருந்தால் கணவருக்கு நாலில் ஒன்று, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம். 2004 டிசம்பர் 26 சுனாமி இதை எங்கள் கரையோரத்துக்கு ஒரே காலையில் காட்டிவிட்டது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் இறந்தார்கள். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தார், அதில் பிழையில்லை. முதல் மனைவியின் பெற்றோர் எங்கே போவது என்பதற்குத்தான் எந்த உறுதியிலும் பதில் இல்லை. அதோடு இன்னொன்றும் நடந்தது. கடற்கரையோர நாவலடி மக்களுக்குத் திராய்மடுவில் வீடு கொடுத்தது போல, கிழக்கில் பல இடங்களில் புதிய குடியிருப்புகள் எழும்பின. பெண்ணின் பெயரில் இருந்த வீடு கடலோடு போக, மாற்று வீடு பல குடும்பங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பெயரில் வந்தது. படிவத்தில் அந்தச் சொல்லை அச்சிட்டவர் எங்கள் பக்கத்தில் ஒரு நாள்கூட வாழ்ந்திருக்க மாட்டார்.

படுவான்கரைக்காரர்களும் அம்பாறைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தவர்களும் உறுதி எழுத வருமுன் கையிலிருக்கும் காகிதம் எதுவென்று பார்க்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் (அது 1935இலிருந்து இருக்கிறது) அரசிடமிருந்து கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியென்றால், பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் நொத்தாரிசு எழுதும் சீதன உறுதி செல்லாது. அந்தக் காணிக்குப் பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பிறகு அதைப் பெறுகிறவரை, பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் யாருக்குப் போகும் என்று சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கும். பழைய அட்டவணையில் மகன் முதலில், மகள் பிறகு. மகளுக்கே வீடு என்று வாழ்கிற சமூகத்துக்கு அது நேர் எதிர். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண் பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டது. இருந்தாலும் அட்டவணையை நம்பி இருக்காமல் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

சீவிய உரித்தைப் பற்றிப் பேசினால் எதிர்ப்பு வருவது பெரும்பாலும் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து. "எங்களை நம்பவில்லையா?" என்பார்கள். வங்கிக் கடன் கிடைக்காது என்பது அடுத்த வாதம். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது: சீவிய உரித்து உள்ள வீட்டை ஈடாக எடுக்க வங்கிகள் தயங்கும், உரித்தாளரும் சேர்ந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்று கேட்கும். வைக்கலாம். ஆனால் அப்போது கடனுக்கான ஆபத்தில் உங்கள் வசிப்பிடமும் சேர்ந்துவிடுகிறது, ஆகவே தொகையைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

உரித்தை எழுதும்போது கணவன், மனைவி இருவரின் பெயரிலும் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் போன பிறகு மற்றவருக்கு அது முழுமையாகத் தொடரும் என்ற வரியும் இருக்க வேண்டும். அப்பாவின் பெயரை மட்டும் போட்ட உறுதிகள் ஏராளம். அவர் இறக்கும் நாளில் உரித்தும் முடிந்துவிடும். அந்த வீடோ பெரும்பாலும் அம்மாவுக்கு அவருடைய பெற்றோர் கொடுத்தது.