கனெக்‌ஷன் பூல்: குளமா, தொகுப்பா?

‘கனெக்‌ஷன் பூல்’ என்பது, தரவுத்தளத்தோடு பேசத் திறந்த இணைப்புகளைப் பலரும் மாறிமாறி எடுத்துப் பயன்படுத்தச் சேர்த்து வைப்பது. அந்தப் பெயரைக் கேட்டதும் தமிழாக்குபவரின் கை ‘இணைப்புக் குளம்’ என்றுதான் எழுதப் போகும். நீச்சல் குளம் பழகிய சொல் என்பதால் அது இயல்பாகவும் தோன்றும். ஆனால் இந்தப் ‘பூல்’ தண்ணீர்ப் பூல் அல்ல. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உள்ளன. நீர்நிலையைக் குறிப்பது பழைய ஆங்கிலத்திலிருந்தே வருகிறது. மற்றது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘பூல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் அதற்குப் பெட்டைக்கோழி என்று பொருள். சீட்டாட்டத்தில் எல்லாரும் நடுவில் வைக்கும் பந்தயப் பணத்தையும் அது குறித்தது. பலருக்குப் பொதுவாகச் சேர்த்து வைத்தது என்ற பொருள் அங்கிருந்து விரிந்ததுதான். ‘கார் பூல்’ என்பதும் இந்த வழியில் வந்ததே.

பணம் என்ற இந்த வேரைப் பார்த்தால் தமிழில் விடை எளிதாகக் கிடைக்கிறது. ‘தொகு’ என்ற வினையிலிருந்து தொகை, தொகுதி, தொகுப்பு எல்லாம் பிறக்கின்றன. எட்டுத்தொகையில் தொகை நூல்களின் திரட்டு; கடைக்காரர் ‘மொத்தத் தொகை எவ்வளவு?’ என்று கேட்கும்போது அது பணம். செய்தித்தாள்களும் ‘மத்தியத் தொகுப்பிலிருந்து தமிழகத்துக்கு மின்சாரம்’, ‘மத்தியத் தொகுப்பிலிருந்து அரிசி’ என்றே எழுதுகின்றன. அங்கே தொகுப்பு என்பது ஆங்கிலத்தின் ‘சென்ட்ரல் பூல்’தான். நாளிதழ் வாசகருக்கே பழகிய சொல் கையில் இருக்கும்போது குளம் வெட்ட வேண்டியதில்லை.

ஆகவே, இணைப்புத் தொகுப்பு. ‘இணைப்பு’ வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் ‘த்’ மிகும். தொகுப்பு என்ற சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு என்பது உண்மை. விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்றால் திருத்து. நிரலாக்கத்தில் ‘தொகுப்பி’ என்றால் கம்பைலர். எனவே தனியாகத் ‘தொகுப்பு’ என்று விடாமல், முதல் இடத்திலாவது ‘இணைப்புத் தொகுப்பு’ என்று முழுதாக எழுதுவது நல்லது.

குளம் என்ற படம் மொழிக்கு மட்டுமல்ல, வேலைக்கும் கேடு. குளம் பெரிதாக இருந்தால் நல்லது என்று மனம் நினைத்துக்கொள்ளும். இணைப்புத் தொகுப்போ எண்ணி வைத்த பொருள். ஊர்ப் பொதுவில் இருக்கும் கல்யாணப் பாத்திரங்களை நினைத்துக்கொள்ளலாம். பத்து அண்டா இருக்கும். வேண்டியவர் எடுத்துப் போவார், வேலை முடிந்ததும் கழுவிக் கொண்டுவந்து வைப்பார். பத்தும் வெளியே போயிருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும்.

மேகத்தில் (கிளவுடில்) ஓடும் பயன்பாடு (ஆப்) ஒன்று, சேவை நிறுவனமே பராமரித்துத் தரும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசுகிறது என்று கொள்வோம். புதிதாக ஓர் இணைப்பு திறக்க டிசிபி கைகுலுக்கல் (இரு முனையும் தொடர்பை உறுதிசெய்வது), அதன்மேல் டிஎல்எஸ் குறியாக்கம், பிறகு கடவுச்சொல் சரிபார்ப்பு என்று வலையில் பல முறை போய்வர வேண்டும். ஸ்க்ராம் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையில் பயன்பாட்டின் பக்கம் இயல்பாக 4096 சுற்று ஹாஷ் கணக்கும் நடக்கும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸ் தொடங்கும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் ஒரே புராசஸுக்குள் ஒரு த்ரெட் ஒதுக்கும். இத்தனைக்கும் பிறகு தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி 2 மில்லிசெகண்டில் முடிவதாக இருக்கலாம். அதற்காக ஒவ்வொரு முறையும் இத்தனை ஏற்பாடு வேண்டாம் என்றுதான் திறந்த இணைப்புகளைத் தொகுத்து வைக்கிறார்கள்.

எண்ணிக்கையில்தான் பெரும்பாலான சிக்கல் பிறக்கிறது. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100 இணைப்புகள். அதில் 3 சூப்பர்யூசருக்கு (தரவுத்தள நிர்வாகிக்கு) ஒதுக்கப்பட்டவை, மிச்சம் 97. பயன்பாடு நான்கு கன்டெய்னர்களில் (தனித்தனியாக ஓடும் பிரதிகளில்) ஓடி, ஒவ்வொன்றும் 20 இணைப்புகளைத் திறந்து வைத்தால் 80, எல்லாம் நலம். கூட்டம் கூடி ஐந்தாவது கன்டெய்னர் தானாக எழும்பினால், அது 17 இணைப்புகளைப் பெறும், 18ஆவதில் இணைப்பு மிகுந்துவிட்டது என்ற 53300 பிழை வரும். மைஎஸ்கியூஎல்லில் இயல்பு வரம்பு 151, பிழை எண் 1040. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய கன்டெய்னர்களும் புதியவையும் சிறிது நேரம் சேர்ந்து ஓடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய பயன்பாடு பதிப்பேற்றும் ஐந்து நிமிடத்தில் மட்டும் தடுமாறினால், முதலில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

அமேசான் தரவுத்தளத்தைப் பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ் சேவையில் இந்த வரம்பு நினைவகத்தைப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸுக்கு நினைவகத்தின் பைட் அளவை 9531392ஆல் வகுத்து வருவது, 5000, இரண்டில் சிறியதே வரம்பு. 1 ஜிபி எந்திரத்துக்குக் காகிதத்தில் 112 வரும். இயங்குதளமும் மேலாண்மைப் பணிகளும் எடுத்துக்கொள்ளும் நினைவகம் கழிக்கப்படுவதால் உண்மை எண் அதைவிடக் குறையும். ஆகவே ‘ஷோ மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்’ என்று தரவுத்தளத்தையே கேட்டுவிடுவது சரி.

வரம்பை உயர்த்திவிட்டால் தீர்ந்ததா? தீராது. வேலை செய்வது சிபியு கோர்கள்தான். போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்கும் தொடக்கக் கணக்கு ஒன்று உண்டு: கோர்களின் எண்ணிக்கை பெருக்கல் 2, அதோடு வட்டுகளின் எண்ணிக்கை. நான்கு கோர், ஒரு வட்டு என்றால் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இணைப்புகள் 9. அதிலிருந்து தொடங்கி, சுமை கொடுத்து அளந்து ஏற்றலாம். ஜாவாவில் இணைப்புத் தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஹிகாரிசிபி நூலகம் இயல்பாக 10 தான் வைக்கிறது; இடம் கிடைக்காவிட்டால் 30 நொடி காத்துப் பிழை சொல்லும். பைத்தானின் எஸ்கியூஎல்ஆல்கெமி நூலகம் 5 வைத்து, நெருக்கடியில் மேலும் 10 திறக்கும். கன்டெய்னர்களைப் பெருக்கும்போது அந்தப் 15ஐத்தான் எடுக்க வேண்டும், 5ஐ அல்ல.

‘கனெக்‌ஷன் லீக்’ என்பதற்கும் இங்கேயே சொல் பார்த்துவிடலாம். ‘கசிவு’ என்றால் மறுபடி தண்ணீர்தான். நடப்பது, எடுத்த இணைப்பைத் திருப்பி வைக்காமல் விடுவது. ‘திரும்பா இணைப்பு’ என்றால் காரணமே பெயராகிவிடும். நிரலில் பிழை எழும் வழியில் மூடும் வரி விடுபட்டிருக்கும். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் அண்டா காணாமல் போகும். பத்தாவது பிழைக்குப் பிறகு எல்லாரும் 30 நொடி காத்து நிற்பார்கள், தரவுத்தளத்திலோ சிபியு சும்மா இருக்கும். இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து தெரிந்தால் முதல் சந்தேகம் திரும்பா இணைப்பின் மேல் விழ வேண்டும். ஹிகாரிசிபியில் ‘லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்ட்’ வைத்தால் எந்த வரியில் எடுக்கப்பட்டது என்று பதிவேட்டில் காட்டும்.

‘ஸ்டேல்’ இணைப்பு வேறு. அது தொகுப்பில் இருக்கும், ஆனால் மறுமுனை போயிருக்கும். ‘செத்த இணைப்பு’ என்பதே பேச்சில் புழங்குகிறது, அதுவே போதும். மைஎஸ்கியூஎல் இயல்பாக 28800 நொடி, அதாவது 8 மணி நேரம், சும்மா இருக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். இரவு முழுக்க யாரும் வராத பயன்பாட்டில் காலையின் முதல் கோரிக்கை மட்டும் விழுவது இதனால்தான். வழியில் அமேசானின் நாட் கேட்வே, அதாவது உள் வலையை வெளி வலையோடு சேர்க்கும் வாசல், இருந்தால் சும்மா இருக்கும் இணைப்புக்கு 350 நொடியே வாழ்வு. சும்மா இருக்கும் இணைப்பை உயிரோடு வைக்க லினக்ஸ் அனுப்பும் கீப்அலைவ் செய்தி இயல்பாக 7200 நொடிக்குப் பிறகே எழும் என்பதால் அது உதவிக்கு வராது. எஸ்கியூஎல்ஆல்கெமியில் பழைய இணைப்பை மூடிப் புதிதாகத் திறக்கும் ‘பூல் ரீசைக்கிள்’ இயல்பாக அணைந்திருக்கும். அதற்கு வழியில் உள்ள மிகக் குறைந்த வரம்பைவிடச் சிறிய எண்ணைக் கொடுத்து, ‘பூல் ப்ரீ பிங்’கையும் இயக்கிவிட்டால் எடுக்கும்போதே உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்.

கழுவி வைப்பதற்கும் நிகர் உண்டு. முடிக்காத பரிவர்த்தனையோடு (ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுதியோடு) இணைப்பு திரும்பினால் எஸ்கியூஎல்ஆல்கெமியும் ஹிகாரிசிபியும் ரோல்பேக் செய்து, அதாவது அந்த மாற்றங்களை ரத்து செய்துதான் உள்ளே வைக்கும். பயன்பாட்டுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே போஸ்ட்கிரெஸுக்கான தொகுப்பு நிரலான பிஜிபவுன்சர் நிற்கும்போது கவனம் கூடுதலாக வேண்டும். செஷன் முறையில், அதாவது ஒருவர் வெளியேறும் வரை இணைப்பு அவரிடமே இருக்கும்போது, மாற்றியதை எல்லாம் அழிக்கும் ‘டிஸ்கார்ட் ஆல்’ அனுப்பி அது கழுவும்; டிரான்சாக்‌ஷன் முறையில், அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனை முடிந்ததும் இணைப்பு கைமாறும்போது, இயல்பாக அனுப்பாது. அங்கே ஒருவர் ‘செட்’ கட்டளையால் மாற்றிய ‘ஸ்டேட்மென்ட் டைம்அவுட்’, அதாவது கேள்விக்கான நேர வரம்பு, அடுத்தவரின் கேள்விக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த முறையில் ‘செட்’டுக்குப் பதில் பரிவர்த்தனைக்குள் ‘செட் லோக்கல்’ எழுதுங்கள். பரிவர்த்தனை முடிந்து கமிட் ஆனதும் அது தானே மறைந்துவிடும்.