ஜி.டி. என்டியூரன்ஸ்: ஒரு பந்தயப் பெயரின் வேர்களும் அதற்கான தமிழும்

ஐரோப்பியக் கார் பந்தயச் செய்திகளைப் படிப்பவர்கள் ‘ஜி.டி. வேர்ல்ட் சேலஞ்ச் யூரோப் என்டியூரன்ஸ் கோப்பை’ என்ற நீண்ட பெயரைச் சந்தித்திருப்பார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஸ்டெஃபான் ராத்தெல் நிறுவிய எஸ்.ஆர்.ஓ. என்னும் பந்தய அமைப்பு 2011-இல் தொடங்கிய இந்த நெடுநேரக் கார் பந்தயத் தொடர், ஆதரவளித்த சுவிஸ் கைக்கடிகார நிறுவனத்தின் பெயரால் ‘பிளாங்பேன் என்டியூரன்ஸ் தொடர்’ என்று முதலில் வழங்கியது. அந்த உடன்பாடு முடிந்தபின் 2020 முதல் இப்போதைய பெயரில் நடக்கிறது. வேறோர் அமைப்பு நடத்தும் அதே வகைப் பந்தயமான துபாய் 24 மணி நேரத்தில், 2025 ஜனவரியில், நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற பிறகு, ‘ஜி.டி.’, ‘என்டியூரன்ஸ்’ ஆகிய சொற்கள் தமிழ் வாசகரிடையேயும் புழங்கத் தொடங்கின. புழங்கும் சொல்லுக்குப் பொருள் தேடுவது இயல்பே.

‘ஜி.டி.’ என்பது ‘கிரான் டூரிஸ்மோ’ என்னும் இத்தாலியத் தொடரின் சுருக்கம். ஆங்கிலத்தில் ‘கிராண்ட் டூரிங்’. இதில் உள்ள ‘டூர்’ என்ற சொல்லைப் பின்தொடர்ந்து சென்றால், பழைய பிரெஞ்சைக் கடந்து இலத்தீனின் ‘தோர்னுஸ்’, அதற்கும் முந்திய கிரேக்கத்தின் ‘தோர்னோஸ்’ வரை போகலாம். வட்டம் வரையும் கருவிக்கும் கடைசல் கருவிக்கும் கிரேக்கர் வைத்திருந்த பெயர் அது. மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் பட்டறையிலிருந்து கிளம்பிய சொல், சுற்றி வருதலைக் குறித்து, பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பயணத்துக்குப் பெயராயிற்று. தமிழில் ‘சுற்றுலா’ என்று ஆக்கியவர் இந்த வேரை அறிந்திருந்தாரோ இல்லையோ, ‘சுற்று’ என்று தொடங்கியது மிகச் சரியாக அமைந்துவிட்டது. தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடும் ‘உலா’ அதனோடு சேர்ந்தது கூடுதல் அழகு.

அப்படியானால் ஜி.டி. காரைச் ‘சுற்றுலாக் கார்’ என்றே சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொன்னால், மஞ்சள் நம்பர் பிளேட்டுடன் நிற்கும் வாடகை வண்டிதான் கேட்பவர் மனத்தில் வரும். பெயரின் வரலாறும் அதற்கு இடந்தரவில்லை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் செல்வக் குடும்பத்து இளைஞர்கள் பாரிஸ் வழியாக ரோமாபுரிவரை சென்று, மாதக் கணக்கில், சிலர் ஆண்டுக் கணக்கில், கலையும் பழமையும் கண்டு திரும்பிய நெடும்பயணத்துக்குக் ‘கிராண்ட் டூர்’ என்று பெயர். 1670-இல் அச்சான ஒரு பயண நூலிலேயே அத்தொடர் காணப்படுகிறது. அந்தப் பயணத்தின் கம்பீரத்தை இத்தாலியக் கார்த் தொழில் இரவல் வாங்கிக்கொண்டது. ஆல்ஃபா ரோமியோ தன் 6சி 1750 வரிசையில் ஒரு வகைக்குக் ‘கிரான் டூரிஸ்மோ’ என்று பெயரிட்டது; 1951-இல் வந்த லான்சியா ஆரேலியா பி20 அந்தப் பெயருக்கு இலக்கணம்போல அமைந்தது. இருவர் வசதியாக அமர்ந்து, பெட்டியும் ஏற்றிக்கொண்டு, நாடு விட்டு நாடு ஒரே மூச்சில் விரையக்கூடிய மூடுகூரைக் கார் என்பதே ஜி.டி.யின் அடிப்படைப் பொருள்.

இதனுடன் ஒட்டி வந்த ‘ஓ’ என்னும் எழுத்தையும் இங்கே பார்த்துவிடுவது நல்லது. 1962-இல் வந்த ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் கடைசி எழுத்து ‘ஓமோலொகாத்தா’ என்பதைச் சுட்டும். பந்தய ஆணையம் ஏற்றுக்கொண்டது என்று பொருள். ‘ஒன்றையே சொல்லுதல்’ என்பது அதன் கிரேக்க மூலம். தமிழில் இதற்குப் புதுச்சொல் வேண்டியதில்லை: ‘ஒப்பு’ என்றால் ஒத்திருத்தல், ‘ஒப்புதல்’ என்றால் ஏற்றல்; கிரேக்கத்தில் நடந்த அதே பொருள் நகர்வு தமிழிலும் நடந்திருக்கிறது. ஒப்புதலுக்கு 100 கார்கள் கட்டியிருக்க வேண்டும் என்ற விதி இருக்க, ஃபெராரி நாற்பதுக்கும் குறைவாகவே கட்டி, பழைய காரின் திருத்திய வடிவம் என்று சொல்லி ஒப்புதல் பெற்றது வேறு கதை.

ஜி.டி.க்குத் தமிழ் என்ன? பழந்தமிழில் பயணத்துக்குச் ‘செலவு’ என்று பெயர். பொருள் தேடப் புறப்படும் தலைவன் தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்குதல்’ என்பர். ஆயினும் ‘நெடுஞ்செலவு உந்து’ என்று இன்று எழுதினால் வாசகர் விலைப்பட்டியலைத்தான் நினைப்பார். அந்தக் கார்களின் விலையைப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை. என் பரிந்துரை ‘நெடும்பயண மகிழுந்து’. எல்லாக் காருக்கும் பொதுவாக வழங்கும் ‘மகிழுந்து’, சொல்லின் நேர்ப்பொருளோடு முழுதாகப் பொருந்துவது இந்த ஒரு வகைக்குத்தான். 2006 முதல் பந்தயங்களில் வழங்கும் ‘ஜி.டி.3’ போன்ற பிரிவுப் பெயர்களை மட்டும், அவை குறியீடுகள் ஆதலால், மொழிபெயர்க்காமல் விட வேண்டும்.

‘என்டியூரன்ஸ்’ இதைவிடச் சிக்கலானது. கடினம் என்று பொருள்படும் ‘தூருஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து, கடினமாக்குதல், இறுகி நிற்றல், தாங்குதல் என்று அது வளர்ந்தது. தமிழில் சுமைக்கும் பொறுத்தலுக்கும் ஒன்றாக வழங்கிய ‘பொறை’ அழகான சொல்லே. ஆனால் இன்று அதிலிருந்து ‘பொறுமை’ மட்டுமே ஒலிக்கிறது, பந்தயத்தில் எவரும் பொறுமையாக ஓட்டுவதில்லை. ‘தாங்குதிறன்’ என்ற சொல்லை, மண்ணும் தூணும் தாங்கும் எடையைக் குறிக்கக் கட்டடப் பொறியாளர் ஏற்கெனவே தமதாக்கிக்கொண்டார். ‘நெடுநேரப் பந்தயம்’ எளிது, தவறும் இல்லை. எனினும் நேரத்தைச் சொல்லி உழைப்பைச் சொல்லாமல் விடுகிறது. 1923-இல் பிரான்ஸில் முதன்முதலாக நடந்த லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தின் பெயரிலேயே ‘என்டியூரன்ஸ்’ இருந்தது. சாலையில் விற்கும் காரின் எஞ்சினும் விளக்கும் இரவு பகலாக நிற்குமா என்று சோதிப்பதே அதன் நோக்கம்.

அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாமில் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயமே இன்று நம் தொடரின் மணிமுடி. மற்ற சுற்றுகளில் பல மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஸ்பாவிலோ, ஆர்டென் காட்டுக்குள் ஏறி இறங்கும் 7 கிலோமீட்டர் தடத்தில், நள்ளிரவில் லா சூர்ஸ் கொண்டை வளைவுக்கு வரும் கார்களின் பிரேக் தட்டுகள் சக்கரத்துக்குள் செந்தணலாய்த் தெரியும். தடத்தோரப் பணியிடமான ‘பிட்’டில் ஓட்டுநர் ஒருவர் இறங்க, மற்றவர் தம் உடலளவுக்கு வார்த்த இருக்கைத் திண்டோடு உள்ளே நுழைய, எரிபொருளும் டயரும் மாறும். விடிந்த பிறகு பார்த்தால் முன்புறம் முழுக்கப் பூச்சிகளும், உடைந்த பாகங்களை ஒட்டிய நாடாவுமாக அந்தக் கார் நிற்கும். இதைச் சொல்லத் தமிழர் நாள்தோறும் வழங்கும் சொல் ‘தாக்குப்பிடித்தல்’. பேச்சுமொழிச் சொல் என்று ஒதுக்காமல், ‘தாக்குப்பிடிப்புப் பந்தயம்’ என்று எழுத்திலும் ஆளலாம்.

இத்தகைய கோப்பைத் தொடர்களுக்குப் பொதுவாக வழங்கும் ‘சாம்பியன்ஷிப்’ என்ற சொல் நமக்குத் தொல்லை தருவதில்லை. களம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, களத்தில் நிற்பவனைக் குறித்தது அது. களத்தில் வென்றவன் சூடும் வாகை நம்மிடம் இருக்கிறது. ஆக, ‘நெடும்பயண மகிழுந்துகளுக்கான ஐரோப்பியத் தாக்குப்பிடிப்பு வாகைத் தொடர்’. நீளம்தான், ஆனால் மூலப்பெயரும் குறுகியதன்று.

‘தாங்குதல்’, ‘தாக்குப்பிடித்தல்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஸ்பாவின் புள்ளி விதியே காட்டிவிடும். அங்கே ஆறாம் மணி, பன்னிரண்டாம் மணி, முடிவு என மூன்று இடங்களில் புள்ளி வழங்குகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் முன்னணியில் ஓடிப் பதின்மூன்றாம் மணியில் எஞ்சின் நின்றுபோன காரும் புள்ளியோடுதான் வீடு திரும்பும். அது பாதி இரவைத் தாங்கியது என்று எழுதலாம். தாக்குப்பிடித்தது என்று எழுத முடியாது.