வேக்கம் என்றால் வெற்றிடமா?

நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் போடும் என் பெரியப்பாவிடம் ஒரு பழைய பெர்குசன் டிராக்டர் இருக்கிறது. பெட்ரோல் வண்டி. ஒரு மழைக்காலத்தில் அது ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, ஓட்டம் நிலைக்காமல் அணைய ஆரம்பித்தது. வந்து பார்த்த மெக்கானிக், "வேக்கம் கம்மியா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, சாமான் எடுக்கக் குன்னூர் போனார். பெரியப்பாவின் காதில் விழுந்ததோ "வேகம் கம்மி". ஸ்லோ ஸ்குரூவைத் திருகி எஞ்சின் ஓட்டத்தைக் கூட்டிவிட்டார். வண்டி அணையவில்லை. கோளாறும் போகவில்லை.

ஒரு ககர மெய் கூடினால் பொருளே வேறாகும் இந்தச் சொல் லத்தீனிலிருந்து வருகிறது. 'வாகுவுஸ்' என்றால் காலியானது. அதிலிருந்து வந்த 'வாகுவும்' ஆங்கிலத்தில் வேக்குவம் ஆகி, நம் பட்டறைகளில் வேக்கமாகத் தேய்ந்தது. பாடநூல்கள் இதை வெற்றிடம் என்கின்றன. வெறுமை + இடம் என்பதில் 'மை' கெட்டு, றகரம் இரட்டித்து வெற்றிடம். வெறுமை + இலை வெற்றிலை ஆவதும் இதே விதியில்தான். இயற்பியலுக்கு இது நல்ல சொல், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எஞ்சினுக்குள் வந்ததும் இச்சொல் வழி தவறச் செய்கிறது. ஏனென்றால் அங்கே காலியான இடம் எதுவும் இல்லை.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. ஸ்லோவில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் காற்றுவழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன் கேட்கும் அளவுக்குக் காற்று உள்ளே வர முடியாது. ஆகவே தகட்டுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள குழாயில் காற்று இருக்கும், ஆனால் அடர்த்தி குறைந்து இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைத்தான் அந்தக் குழாயில் மாட்டும் முள் கேஜ் பாதரச அங்குலத்தில் காட்டுகிறது. பட்டறையில் வேக்கம் என்பது இதைத்தான். சரியான எஞ்சின் என்றால், கடல் மட்டத்தையொட்டிய ஊர்களில் முள் 17 முதல் 22 வரை ஏதாவது ஓர் எண்ணில் ஆடாமல் நிற்கும்.

பெரியப்பாவின் வண்டியில் அன்று 6. அசைவே இல்லை. குன்னூரிலிருந்து திரும்பிய மெக்கானிக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட்டின் ஓரத்தில் ஆயிலைத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது சிலிண்டர் பக்கம் வந்ததும் முள் மேலே ஏறியது. ஆயில் ஓட்டையை அடைத்துவிட்டது; அந்த இடத்தில்தான் வெளிக்காற்று உள்ளே புகுந்திருக்கிறது. கேஸ்கட் மாற்றினார்கள், முள் 13இல் நின்றது.

சொல்லின் குழப்பம் அதற்குப் பிறகும் ஒரு முறை வினை செய்தது. அடுத்த ஆண்டு சமவெளியிலிருந்து வந்த ஒருவர் அதே 13ஐப் பார்த்து, "17க்கு மேல வரணுமுங்க, டைமிங் லேட்டு" என்று, பொறி விழும் நேரத்தை முன்னே தள்ள டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். லோடு ஏற்றிய டிரெய்லரோடு ஏற்றத்தில் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. கைப்பிடி போட்டுச் சுற்றினால் எதிர்த்து அடித்தது. உள்ளே எத்தனை காலி என்று அவர் கணக்கிட்டார். வெளிக்காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை. 1,000 அடி ஏறினால் கேஜில் ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். கேத்தி 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 19 காட்டக்கூடிய எஞ்சின் இங்கே 12, 13 காட்டினால் அது நலமாகவே இருக்கிறது.

மலைக்கும் இந்தப் பாதரச அங்குலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1643இல் இத்தாலிய அறிவியலாளர் தொரிசெல்லியின் யோசனைப்படி செய்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் சுமார் 30 அங்குல உயரத்தில் நின்றது. 1648இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் அக்காள் கணவர் அப்படி ஒரு குழாயோடு பிரான்சின் புய் தெ தோம் மலைமேல் ஏறினார். உச்சியில் பாதரசம் 3 அங்குலத்துக்குச் சற்று மேல் இறங்கியிருந்தது. பெரியப்பாவின் வண்டியில் நடந்ததும் இதுவேதான்.

எண்ணைவிட முள்ளின் ஆட்டத்தைப் பார்ப்பதுதான் முக்கியம் என்பேன். ஆட்டத்துக்குக் கடல் மட்டம், மலை என்ற வேறுபாடு கிடையாது. ஒரே சீராக விட்டுவிட்டுக் கீழே வெட்டினால், ஒரு வால்வு கருகியிருக்கிறது அல்லது சரியாக மூடவில்லை. ஸ்லோவில் நடுங்கி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் நிலைபெற்றால் வால்வு கைடு தேய்ந்திருக்கும். ஓட்டம் கூடக்கூட நடுக்கமும் கூடினால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மெதுவாக அப்படியும் இப்படியும் அலைந்தால் கார்புரேட்டர் கலவையைப் பாருங்கள். ஓட்டத்தைக் கூட்டி அப்படியே பிடித்திருக்கும்போது முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் சைலன்சர் அடைத்திருக்கிறது. இவை சந்தேகத்துக்கு வழிகாட்டும், தீர்ப்பு அல்ல. ஹெட்டைக் கழற்றும் முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்து உறுதி செய்வது நல்லது.

இன்றைய டிராக்டர்கள் டீசல். அவற்றில் பெரும்பாலும் திராட்டில் தகடு இல்லாததால் இந்தக் குழாயில் கேஜ் மாட்டிப் பயனில்லை.

வேறு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும்? 'இழுப்பு' முதலில் நினைவுக்கு வரும். ஆனால் "வண்டியில இழுப்பு இல்ல" என்றால் ஏற்றத்தில் சக்தி இல்லை என்று பட்டறையில் ஏற்கெனவே பொருள் இருக்கிறது. 'தாழ்வழுத்தம்' பொருளில் பிழையில்லாதது, ஆனால் வானிலை அறிக்கைக்கு நேர்ந்துவிட்ட சொல். என் தேர்வு 'உறிஞ்சல்'. உறிஞ்சுபவர் யார், எதிலிருந்து உறிஞ்சுகிறார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெளிக்காற்றை யாரும் மறக்க முடியாது. கேஜுக்கு உறிஞ்சல்மானி.

கேஜ் மாட்டும் அந்தக் குழாய்க்குப் பட்டறையில் மேனிபோல்டு என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அது 'பல மடங்கு'. நம் பன்மடங்கின் அதே கட்டுமானம்தான். ஆனால் எஞ்சினில் அது செய்யும் வேலை மடங்குவதல்ல, கிளைப்பது. ஒரு வாயில் வந்த காற்று நான்கு சிலிண்டருக்கும் பிரிகிறது. ஆகவே உள்வழிக் கிளைக்குழாய்.

பெரியப்பா இப்போது டைமிங்கைத் திரும்பச் சரிசெய்து, டூல்ஸ் பெட்டி மூடியின் உட்புறம் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார்: "உறிஞ்சல் 13. கேத்தி. முள் ஆடாது."