தண்ணீர் ஊற்றாமல் காரைத் துடைத்தால் பெயின்ட் கெடுமா?

"எங்கள் அடுக்ககத்தில் கார் கழுவத் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடையில் 'வாட்டர்லெஸ் வாஷ்' என்று ஸ்ப்ரே பாட்டில் விற்கிறது. அடித்துத் துடைத்தால் பெயின்ட் போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது சென்னையில் பலரும் கேட்ட கேள்விதான் இது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது மறுபடியும் எழுந்தது. நிமிடத்துக்கு 12 லிட்டர் வரும் ஹோஸ் பைப்பைப் பத்து நிமிடம் திறந்து வைத்தாலே 120 லிட்டர் போய்விடும். ஆகவே கேள்வி நியாயமானது.

அமிலமோ காரமோ மிகாத, மெழுகோ பாலிமரோ கலந்த நல்ல தயாரிப்பு என்றால் பாட்டிலுக்குள் இருக்கும் திரவம் பெயின்டை ஒன்றும் செய்யாது. கெடுப்பது காரின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மணல். அந்த மணல் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமற்ற க்ளியர் கோட் என்று வரிசையாகப் பூசியிருப்பார்கள். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் க்ளியர் கோட் 40 மைக்ரான் அளவில்தான் இருக்கும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காரின் பளபளப்பு முழுவதும் இந்த மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் வழவழப்புதான். நம் தெருத் தூசியில் நிறைய இருப்பது மணலின் முக்கியக் கனிமமான குவார்ட்ஸ். 1 முதல் 10 வரை போகும் மோவின் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு எண் 7. அது கண்ணாடியையே கீறும். க்ளியர் கோட் அதன் முன்னால் மிக மென்மையானது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய பிறகும் பானட்டின் மேல் தூசி அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று ஏன் அதை அடித்துக்கொண்டு போகவில்லை? துகளுக்கும் பெயின்டுக்கும் இடையே வான் டெர் வால்ஸ் விசை, அதாவது மிக அருகில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய இழுப்பு, உண்டு. அதைவிடப் பெரியது ஈரத்தின் பிடி. இரவுப் பனியிலும் கடற்கரைக் காற்றிலும் இருக்கும் ஈரம், துகள் பெயின்டைத் தொடும் இடுக்கில் நுண்ணிய நீர்க் கழுத்தாகத் தங்குகிறது. அந்த நீரின் பரப்பு இழுவிசை துகளைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழவழப்பான ஒரு குவார்ட்ஸ் உருண்டைக்குக் கணக்குப் போட்டால், இந்த இழுப்பு அதன் எடையைப்போல் ஏறக்குறைய 3,000 மடங்கு வருகிறது. நிஜ மணல் கரடுமுரடாக இருப்பதால் இந்த எண் நன்றாகவே குறையும். ஆனாலும் எடையை மிஞ்சித்தான் நிற்கும். துகள் சிறுத்தால் எடை மிக வேகமாகக் குறையும், பிடி அவ்வளவு வேகமாகக் குறையாது. அதனால்தான் மாவு போன்ற தூசி எல்லாவற்றையும்விட விடாப்பிடியாக ஒட்டிக்கொள்கிறது.

இப்போது அதே துகளைத் திரவத்தில் முழுவதும் மூழ்கடித்துவிடுங்கள். துகளைச் சுற்றிக் காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையே இல்லாமல் போகிறது. எல்லை இல்லை என்றால் பரப்பு இழுவிசை இழுக்க எதுவும் இல்லை. நீர்க் கழுத்தின் பிடி அந்த நொடியே மறைந்துவிடுகிறது. வான் டெர் வால்ஸ் விசையும் காற்றில் இருந்ததைவிடத் திரவத்துக்குள் தளர்கிறது. துகளை ஒட்டவைத்ததும் நீர்தான், விடுவிப்பதும் நீர்தான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. இயற்பியலில் இதைவிட அழகான திருப்பம் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

வாட்டர்லெஸ் ஸ்ப்ரேயைச் சிக்கனமாக இரண்டு முறை பீச்சித் துடைப்பவர்களுக்கு ஏன் கீறல் விழுகிறது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். துகள் மூழ்காத அளவுக்கு லேசாக நனைத்தால் பிடி இன்னும் கெட்டிப்படும். அந்த நிலையில் துணியை இழுப்பது, காய்ந்த தூசியைத் துடைப்பதைவிட நல்லதல்ல.

வெறும் தண்ணீரை ஏன் ஸ்ப்ரே செய்யக் கூடாது என்று கேட்கலாம். மெழுகு பூசிய பெயின்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும், துகளுக்கு அடியில் புகாது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு வகை மூலக்கூறுகள் அதை 30 அளவுக்கு இறக்கிவிடும். அப்போது திரவம் படர்ந்து இடுக்குக்குள் ஊர்ந்து போகும். கூடவே இருக்கும் பாலிமரும் மெழுகுக் குழம்பும் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே வழுக்கும் படலமாக நிற்கின்றன.

பாட்டிலின் மேல் 'அழுக்கை உறையிட்டுத் தூக்கிவிடும்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சோப்பு மூலக்கூறுகள் கூடிக் கட்டும் மைசெல் என்ற உருண்டை சில நானோமீட்டர் அளவுதான். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்து உள்ளே வைத்துக்கொள்ள அது போதும். ஆனால் ஒரு மணல் துகள் அதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பெரியது. மணலை எந்த மைசெலும் விழுங்காது. மணலின் கூர்முனை மழுங்குவதும் இல்லை. படலத்தில் மிதக்கும் மணலை அழுத்திப் பிடித்தால் அது கீறத்தான் செய்யும்.

ஆகவே மறுபாதி வேலை துணியினுடையது. மைக்ரோஃபைபர் துணியின் இழை பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்தது. வழக்கமாக 80-க்கு 20, அல்லது 70-க்கு 30. ஆலையில் ஒவ்வொரு இழையையும் ஆரஞ்சுச் சுளைகளாகப் பிளப்பதுபோல் பிளந்திருப்பார்கள். சுளைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் நுண்புழை விசையால் திரவத்தை உறிஞ்சுகின்றன; விடுபட்ட துகளும் அதனுடன் மேலேறிப் பஞ்சு போன்ற பரப்புக்குள் புதைந்துவிடுகிறது. புதைந்த துகள் மேல் கையின் அழுத்தம் விழுவதில்லை. சதுர மீட்டருக்கு 350 கிராமுக்குக் குறையாத, ஒரு பக்கமாவது நீண்ட இழை கொண்ட துணி வேண்டும். லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள். ஓரத் தையல் பெயின்டில் படாமல் மடியுங்கள். பனியன் வேஸ்ட்டுக்கு இந்த ஆழம் கிடையாது. பருத்தி நெசவில் மாட்டிக்கொண்ட மணல் மேலேயே நிற்கும். ஒவ்வொரு இழுப்பிலும் உழும். தினமும் காலையில் பல கார்களை ஒரே துணியாலும் ஒரே வாளித் தண்ணீராலும் துடைப்பது, எந்த ரசாயனத்தையும்விடக் கருப்புக் கார்களைச் சீக்கிரம் மங்கவைக்கும்.

செய்முறைக்கு வருவோம். கார் நிழலில் நின்று குளிர்ந்திருக்க வேண்டும். பானட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அடிக்காதீர்கள்; படலம் ஆவியாகி, வழுக்கல் போய், கறைதான் மிஞ்சும். சிறிய காருக்கு 200 மில்லியும் எட்டுத் துணிகளும் ஒதுக்குங்கள். கூரையில் தொடங்கி, பானட், கதவுகளின் மேல்பாதி என்று இறங்கி வாருங்கள். ஒரு நேரத்தில் அரைக் கதவு அளவு பரப்பு மட்டும். அது முழுக்க நனையும்வரை அடித்து, 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை விடுங்கள். காய விடக் கூடாது. துணியின் மேலும் ஒரு பீச்சு. துணியை நான்காக மடித்து, அதன் எடையே அழுத்தமாக இருக்க, ஒரே திசையில் ஒரே இழுப்பு. திரும்பி வராதீர்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். அடுத்த இழுப்புக்குத் துணியின் அடுத்த முகம். நான்காக மடித்த துணியில் எட்டு முகங்கள் கிடைக்கும். எட்டும் முடிந்தால் வேறு துணி. பிறகு ஒரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். தரையில் விழுந்த துணி அன்றைக்கு வேலைக்கு ஆகாது. கதவின் அடிப்பாகம், பின்பக்கம், சக்கரம் கடைசியில், தனித் துணியால். பிரேக் டிஸ்க்கில் ஸ்ப்ரே படவே கூடாது. மெழுகும் சிலிக்கோனும் பிரேக் பிடிப்பைக் குறைக்கும்.

எவ்வளவு அழுக்குவரை இது சரிப்படும்? கூரை விளிம்பின் பிம்பமோ மரத்தின் பிம்பமோ பானட்டில் மங்கலாகவாவது தெரிந்தால் தாராளமாகச் செய்யலாம். பிம்பமே தெரியாத தூசி, சக்கர வளைவில் காய்ந்த சேறு, கட்டட வேலை நடக்கும் தெருவின் சிமென்ட் படிவு, கடற்கரைச் சாலையின் மணல் என்றால் வேண்டாம். முதலில் தண்ணீர் பீய்ச்சியே ஆக வேண்டும். பறவை எச்சத்தை நனைத்த துணியால் மூடி ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தூக்குங்கள். அதில் அமிலத்தோடு மணலும் இருக்கும். பளபளப்பில்லாத மேட் பெயின்டுக்குப் பளபளப்பூட்டும் மெழுகு கலந்த எதுவும் ஆகாது. அதற்கென்றே உள்ளதை வாங்குங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்தில் முதல் 30 நாள் மெழுகு வகையைத் தள்ளி வைப்பது நல்லது.

தப்பாகத் துடைத்ததன் அடையாளம் வெயிலில் தெரியும்: சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமான கீறல்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. பிம்பத்தைச் சுற்றி வரையும் வட்டத்துக்குத் தொடுகோடாக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை மறைந்தே இருக்கும். நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகர்வது அதனால்தான்.

இதையெல்லாம் அளக்க முடியும் என்பதுதான் என் ஆதங்கம். பெயின்டின் கீறல் தாங்கும் திறனைச் சோதிக்க ஐஎஸ்ஓ 20566 என்ற முறை இருக்கிறது: தண்ணீரில் அளந்து கலந்த குவார்ட்ஸ் தூள், சுழலும் பிரஷ், தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் 20 டிகிரி கோணத்தில் பளபளப்பு அளவீடு. இதே யோசனையில் ஒரு கருப்புத் தகடு, எடை போட்ட தூசி, ஒரு துணி, ஒரு பளபளப்புமானி இருந்தால் ஒரு பாலிடெக்னிக் மாணவர் குழுவே கடையில் கிடைக்கும் பாட்டில்களைச் சோதித்து எண்ணோடு சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட சிறிய, பயனுள்ள ஆய்வுகளுக்குக் கல்லூரிகள் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும். எண் இல்லாத இடத்தில்தான் 'டீசல் போட்டுத் துடைத்தால் மினுங்கும்', 'கீறலுக்குப் பற்பசை தேய்' போன்ற நம்பிக்கைகள் பிழைத்துக் கிடக்கின்றன. டீசல் விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் மாலைக்குள் புதுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பற்பசையில் இருப்பதே தேய்க்கும் தூள். ஆயுத பூஜைக்கு வண்டியில் விபூதியும் சந்தனமும் இடுபவர்கள் அதைக் கண்ணாடியில் இடலாம். பானட்டில் காய்ந்த சாம்பலைத் துணியால் வழித்தால் அதுவும் கீறும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் எப்போதும் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர்வெல் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் விடும் வெள்ளைப் புள்ளிகள் சுண்ணாம்புப் படிவு. துடைத்தால் போகாது, அமிலம் கலந்த நீக்கி வேண்டியிருக்கும். நடுவழி ஒன்று உண்டு: அலசத் தேவையில்லாத 'ரின்ஸ்லெஸ்' கரைசல். இதில் பரவலாக உள்ள விகிதம் 1-க்கு 256. 8 லிட்டர் வாளிக்கு ஏறக்குறைய 30 மில்லி. அரை டஜன் துணிகளை வாளியில் ஊறப்போட்டு, ஒரு துணி ஒரு பாகத்துக்கு என்று துடைத்து, அழுக்கான துணியை வாளிக்குள் திரும்பப் போடாமல் இருந்தால், சற்றுக் கூடுதலான தூசியையும் ஒரு வாளித் தண்ணீரில் முடித்துவிடலாம். துகளை மூழ்கடிக்கும் திரவம் இதில் தாராளமாகக் கிடைக்கிறது. அடுக்ககவாசிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

துணிகளைப் பருத்தியோடு சேர்க்காமல் தனியாக, திரவ சோப்பில், 40 டிகிரிக்கு மேல் போகாமல் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டாம். அது இழைகளின் இடுக்குகளை அடைத்துவிடும், பிறகு அந்தத் துணி உறிஞ்சாது. மொட்டைமாடிக் காற்றில் புழுதி பறக்கும் இடத்தில் காயப்போடாமல், வீட்டுக்குள் கொடியில் போடுங்கள்.