எஞ்சினை இறக்குவதற்கு முன் ஒரு காலைப்பொழுது பொறுங்கள்

நுவரெலியா கந்தப்பளைப் பக்கத்தில் மரக்கறி ஏற்றும் ஓர் அண்ணன் எனக்குக் கோல் எடுத்தார். "பாஸ், கெப் எஞ்சினை இறக்கியாச்சு. வேற எஞ்சினும் கொண்டாந்துட்டோம். பூட்டுறதுக்கு மட்டும் கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். வீட்டு முற்றம் நல்ல சரிவு. ஹைலக்ஸ் கெப்பின் பின் சக்கரத்துக்கு அரைச் செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரக் கிளையில் செயின் புளொக் தொங்கியது. ராத்திரி பெய்த மழையில் ஜெக் ஒரு பக்கமாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அண்ணனின் மகன், பதினேழு வயதுப் பையன், கெப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து கியர் பொக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதலில் அவனை வெளியே வரச் சொன்னேன். மற்ற எதையும் அதற்குப் பிறகுதான் பேசினேன்.

ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டேன். "காலையில ஸ்டார்ட் வராது பாஸ். அஞ்சாறு தடவை அடிச்சா வெள்ளைப் புகையா தள்ளும். கம்ப்ரஷன் போயிருச்சு, எஞ்சின் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க." மத்தியானத்தில் எப்படி என்றேன். "மத்தியானம் ஒரே அடியில ஸ்டார்ட்."

அந்தப் பதிலைக் கேட்டதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கழற்றி வைத்திருந்த பழைய எஞ்சினின் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில்தான் காட்டும். மூன்றில் முள் அசையவேயில்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. நான்காவது மட்டும் உயிரோடு இருந்தது. எஞ்சினுக்குக் கொடுத்த காசோடு பார்த்தால் நான்கு பிளக்கின் விலை ஒன்றுமே இல்லை.

இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். நம் பக்கத்தில் செத்துவிட்டதென்று இறக்கப்படும் டீசல் எஞ்சின்களில் பல சாகவில்லை. மலையும் குளிரும் அவற்றை அப்படிக் காட்டுகின்றன, அவ்வளவுதான். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கி வரும் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். நுவரெலியா விடியற்காலையில் இரும்பே பனிக்கட்டியாய்க் கிடக்கும்போது அந்தச் சூட்டை இரும்பு குடித்துவிடும். அதனால்தான் ஹீட்டர் பிளக். பிளக்கை நேராக பெட்டரியில் தொட்டு, சிவக்கிறதா என்று பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சில பிளக்குகள் 12 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. அதன் உடம்பில் எழுதியிருப்பதைப் படிக்காமல் தொட்டால் நல்லதும் எரிந்துபோகும். மீட்டரில் பார்ப்பதே நல்லது.

பிளக் சரி, ஆனாலும் காலையில் மக்கர் பண்ணுகிறதா? ராத்திரி கெப்பை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முகம் மேட்டைப் பார்த்து நின்றால், டீசல் பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பிலோ பைப் மூட்டிலோ ஊசிமுனை அளவு காற்று நுழைந்தாலும் போதும், டீசல் முழுக்கப் பின்னால் டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் கைப்பம்பை அமுக்குங்கள். பத்திருபது அமுக்கில் இறுகி, உடனே ஸ்டார்ட் வந்தால் கோளாறு எஞ்சினில் இல்லை, டீசல் வரும் வழியில். கெப்பை ஓர் இரவு திருப்பி நிறுத்திப் பாருங்கள். காசில்லாத சோதனை.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஹைலக்ஸில் வரும் டொயோட்டாவின் 3எல் டீசல் எஞ்சினுக்குக் கம்பனிப் புத்தகம் சொல்லும் நல்ல அளவு 455 பிஎஸ்ஐ; 284க்குக் கீழே போகக் கூடாது; சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 71ஐத் தாண்டக் கூடாது. ஆனால் 455 என்பது கடல் மட்டத்துக் காற்றைக் கணக்கு வைத்துச் சொன்னது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே அளந்தால் புத்தம் புது எஞ்சினே 360 அளவில்தான் காட்டும். 330 காட்டும் எஞ்சினைப் பார்த்து, "455 வரணும், நூத்துக்கு மேல குறையுது" என்று கைவிரிப்பவர் உயரத்தை மறந்துவிட்டார். நான் முதலில் பார்ப்பது நான்கும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். மூன்று 330, ஒன்று 220 என்றால் அந்த ஒன்றில் வால்வோ ரிங்கோ கெஸ்கட்டோ போயிருக்கிறது. நல்ல பெட்டரி போட்டு, டீசல் சொலனொய்ட் வயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். பெட்டரி பலவீனமாக இருந்தால் எல்லா எண்ணும் பொய்.

ஒயில் மூடியின் உட்பக்கம் பால் மாதிரி படிந்திருந்தால் உடனே ஹெட் கெஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் வரும் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். குளிர் நாட்களில் தோட்டத்துக்கும் கடைக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் வண்டியில் ஈரம் தங்கி அப்படிப் படியும். டிப் ஸ்டிக்கில் ஒயிலே பாலாக வந்தால் கதை வேறு. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணுங்கள். நின்று நிதானமாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால் கெஸ்கட்டோ ஹெட்டோ போயிருக்கிறது.

சரி, எஞ்சினை உண்மையாகவே கொல்வது எது? தண்ணீர். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அழுத்தம் ஏறி 115 வரை தாக்குப்பிடிக்கும். மூடி தளர்ந்துபோனால் கீழ்நாட்டில் ஓடும் வண்டிக்கு ஆறு பாகை கூடுதல் இடம் இருக்கிறது, நமக்கு அதுவும் இல்லை. உரமூடை ஏற்றிக்கொண்டு ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் வரும்போது கொதித்து, ஹெட் வெடிப்பது இப்படித்தான். பீலித் தண்ணீரை மட்டும் பிடித்து ஊற்றி ஊற்றி உள்ளே துரு கட்டிய ரேடியேட்டர்களை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். சூடாகிறது என்று, தண்ணீர் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுகிறார்கள். பல எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் சுற்றும். ஏற்றத்தில் சூடு கூடுமே தவிரக் குறையாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் இறக்கத்தான் வேண்டும் என்றால் வீட்டில் செய்யலாமா? செய்யலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கராஜுக்கு இழுத்துக்கொண்டு போகும் செலவும் சேர்த்துப் பார்த்தால் பலருக்கு வேறு வழியும் இல்லை. ஹெட்டை உரசுவது, கிராங்க் கடைவது, டீசல் பம்ப், இன்ஜெக்டர் இவற்றை மட்டும் லேத்துக்கும் பம்ப் கடைக்கும் விட்டுவிடுங்கள். 3எல்லுக்கு ஹெட் கெஸ்கட் மூன்று தடிப்பில் வருகிறது. பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்துதான் எடுக்க வேண்டும். கடையில் கிடைத்ததைப் பூட்டினால் ஆறு மாதத்தில் திரும்பவும் கழற்றுவீர்கள்.

இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். சரிவில் எஞ்சினை இறக்கவே வேண்டாம். தோட்டத்து ஆட்கள் காலையில் கூடும் பிரட்டுக்களமோ கோயில் முற்றமோ, கேட்டால் ஒரு நாள் தருவார்கள். எஞ்சின் 200 கிலோவுக்கு மேல். சவுக்கு மரம் பார்க்கத்தான் உறுதி, கிளை சொல்லாமல் ஒடியும். லயத்துக் கூரை மரங்கள் தகரத்தைத் தாங்கத்தான் போட்டவை. மூன்று இரும்புக் குழாயைக் கூட்டிக் கட்டிய முக்காலியோ, வாடகைக்கு எடுத்த கிரேனோ வேண்டும். ஜெக்குக்குக் கீழே பலகை. ஜெக்கை நம்பி அடியில் போகாமல் ஸ்டாண்டோ, அடுக்கிய மரக்கட்டையோ வைத்த பிறகுதான். நான் பழகுநராக இருந்த காலத்தில் ஜெக் சறுக்கி, சேசிஸுக்கும் கட்டைக்கும் நடுவில் என் இடது கை மோதிரவிரல் மாட்டியது. நகம் இன்றும் கோணல்தான். கட்டை இருந்ததால் விரலோடு போயிற்று.

பூட்டி முடித்து முதல் ஸ்டார்ட்டுக்கு வரும்போது எல்லோருக்கும் அவசரம். இன்ஜெக்டர் பைப் கசிகிறதா என்று கையால் தடவாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். குண்டூசி குத்தின மாதிரிதான் தெரியும், ராத்திரிக்குள் கை வீங்கிவிடும். அப்படி நடந்தால் மருந்து போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல், டீசல் உள்ளே போய்விட்டது என்று சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ, பம்ப் தவறாக மாட்டியிருந்தாலோ எஞ்சின் சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஊளையிட்டு ஏறும். காற்றுப் போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைத்தால்தான் நிற்கும். அந்தப் பலகையை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிறகே நான் சாவியைத் திருப்புவேன். குளிருதென்று கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவதும் வேண்டாம், புகை ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும்.

இன்னொன்று. 3எல்லில் பிரேக்கை இலகுவாக்கும் வெக்குவம் பம்ப் (காற்றை உறிஞ்சும் பம்ப்) ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஹோஸை மாட்ட மறந்தால் முற்றத்தில் எதுவும் தெரியாது. கீழிறங்கும் முதல் வளைவில் பிரேக் கல்லாக இருக்கும்.

எஞ்சின் வாங்கக் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் வேனிலிருந்தோ லொறியிலிருந்தோ எடுத்த 3எல்லைப் பார்த்து, ஒரே எஞ்சின்தானே என்று ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தட்டு) வேறாக இருக்கலாம், மவுன்ட் வேறாக இருக்கலாம், லொறி எஞ்சின் என்றால் ஆல்டர்னேட்டர் 24 வோல்ட்டாகவும் இருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 தொடக்கத்தில் மீண்டும் திறக்கும் வரை இருந்ததை ஓட்டியே ஆகவேண்டிய நிலை. அந்த வருடங்களில் கழுவிப் பெயின்ட் அடித்த எஞ்சின்கள் நிறைய கைமாறின. பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கையால் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள், எண் வெட்டியிருக்கும் இடம் அரத்தால் தேய்க்கப்படாமல் இருக்கிறதா பாருங்கள். வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின் சீல், கிளச் பிளேட் எல்லாம் மாற்றிவிடுங்கள்.

கந்தப்பளை அண்ணனின் வேலையை அன்று நிறுத்தி, இரண்டு நாள் கழித்துச் சமதரையில் முடித்தோம். போகும்போது அவர் கேட்டார், "பழைய எஞ்சினை இரும்புக்குப் போட்டுறவா?" வேண்டாம் என்றேன். நான்கு பிளக் மாற்றினால் அது ஓடும் எஞ்சின். அதைவிட, கெப்பின் பதிவுப் புத்தகத்தில் இன்னும் இருப்பது அந்தப் பழைய எஞ்சினின் எண்தான். புது எஞ்சின் எண் போட்ட பில்லோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியும் வரை, விபத்தென்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். லீசிங் இருந்தால் அவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். பில் எங்கே என்றேன். அண்ணன் மகனைப் பார்த்தார், மகன் தாயைப் பார்த்தான். கடைசியில் அது உருளைக்கிழங்குச் சாக்குக்கு அடியில், ஒயில் கறையோடு கிடைத்தது. எண் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.