கேனானா, நிக்கானா, சோனியா? கேமரா வாங்கும் முன் லென்ஸைப் பற்றிக் கேளுங்கள்

நாகர்கோவிலில் கேமரா பழுது பார்ப்பது என் தொழில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, புதுசு எடுக்கணும். எந்தக் கம்பெனி எடுக்க?" நான் திருப்பிக் கேட்பேன்: "உனக்கு லென்ஸ் இரவல் தரக்கூடிய ஆள் யாரு? அவர்கிட்ட என்ன மவுண்ட் இருக்கு?" மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சமாளிக்கிறேன் என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் மேசையில் போட்டுக் கழற்றினால் எல்லாக் கம்பெனியும் ஒன்றுபோலத்தான் உப்பரிக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, கீழே விழுந்தால் உடைகிறது. படத்தை எடுத்துக்கொண்டாலும், ஒரே விலையில் உள்ள மூன்று பாடிகளுக்கு (லென்ஸ் இல்லாத கேமரா) இடையே கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது. 'கேனான்னா ஸ்கின் டோன்' என்ற பேச்சு கேமராவே கலர் போட்டுத் தரும் ஜேபெக்கில் எடுத்து அப்படியே கொடுப்பவருக்கு ஓரளவு பொருந்தும். கலரைப் பிறகு நாமே போட்டுக்கொள்ளும் ராவில் எடுத்து எடிட் செய்பவருக்கு அது ஒரு காரணமே இல்லை.

பாடியை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம். பத்திரமாக வைத்திருந்தால் லென்ஸ் அதற்கு அப்புறமும் ரொம்ப காலம் உழைக்கும். பெண் கொடுப்பதற்கு முன் குடும்பத்தை விசாரிப்பதுபோல, பாடிக்குப் பின்னால் இருக்கிற லென்ஸ் குடும்பத்தை விசாரித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

நம் ஊர் ஸ்டூடியோ அலமாரிகளில் இருக்கும் பழைய லென்ஸ்கள் பெரும்பாலும் 1959-ல் வந்த நிக்கான் எஃப் மவுண்ட் அல்லது 1987-ல் வந்த கேனான் இஎஃப் மவுண்ட். சோனி 2010-லேயே மிரர்லெஸ்ஸுக்காக (உள்ளே மடங்கும் கண்ணாடி இல்லாத கேமரா) இ மவுண்ட்டைக் கொண்டுவந்துவிட்டது. கேனான் ஆர்எஃப் மவுண்ட்டுக்கும் நிக்கான் இசட் மவுண்ட்டுக்கும் மாறியது 2018-ல்தான். உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாததால் மவுண்ட்டுக்கும் படத்தைப் பதியும் சென்சாருக்கும் நடுவில் உள்ள தூரம் குறைந்துவிட்டது. இஎஃப்-ல் அது 44 மில்லிமீட்டர், ஆர்எஃப்-ல் 20. மிச்சமாகும் 24 மில்லிமீட்டரில் ஒரு அடாப்டர் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பழைய இஎஃப் லென்ஸ் ஆர்எஃப் மவுண்ட் உள்ள புது ஆர் பாடியில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கிறது. புது லென்ஸைப் பழைய பாடியில் போட வழியில்லை. சித்தப்பா ஸ்டூடியோவில் நாலு இஎஃப் லென்ஸ் சும்மா கிடக்கிறது என்றால், வேறு கம்பெனி பக்கம் நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை குறைவு.

நிக்கானில் இது அவ்வளவு நேராகப் போகாது. பழைய எஃப் லென்ஸை இசட் பாடியில் மாட்ட அவர்கள் தரும் எஃப்டிஇசட் அடாப்டரில், உள்ளேயே மோட்டார் உள்ள லென்ஸுக்கு மட்டும்தான் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். பிரபலமான 50 எம்எம் 1.8டி-யில் அந்த மோட்டார் இல்லை. நிக்கானின் டி3500, டி5600 மாதிரியான, கண்ணாடி உள்ள பாடிகளிலும் மோட்டார் இல்லை. விலை குறைவு என்று இந்த லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்து, "ஃபோகஸ் ஆகல, ரிப்பேர் பண்ணுங்க" என்று கொண்டுவரும் பையன்கள் உண்டு. அதில் ரிப்பேர் செய்ய ஒன்றுமில்லை. கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி கேனான் எம்50. யூடியூப் எடுப்பவர்கள் விரும்பி வாங்கிய கேமரா, நல்ல கேமராவும்கூட, இப்போது மலிவாகக் கைமாறுகிறது. அதன் இஎஃப்-எம் மவுண்ட் 2012-ல் தொடங்கி 2023-ல் நின்றுபோனது. அந்த லென்ஸுக்கு வேண்டிய தூரம் 18 மில்லிமீட்டர்தான், ஆர்எஃப்-ஐவிடவும் குறைவு. அடாப்டருக்கு இடமே இல்லை. நாளைக்கு ஆர்எஃப் மவுண்ட் உள்ள ஆர்50 வாங்கினால் எம்50-யின் லென்ஸ் எதுவும் கூட வராது. தெரிந்தே வாங்கினால் தவறில்லை.

பட்ஜெட் இறுக்கமாக இருக்கிறது, இரவல் தரவும் ஆளில்லை என்றால் நான் சோனி இ மவுண்ட் பக்கம் சாய்வேன். சிக்மா, டாம்ரான் போன்ற வெளிக் கம்பெனிகளின் லென்ஸ் அதற்குத்தான் அதிகம், செகண்ட் ஹேண்டிலும் தாராளமாக ஓடுகிறது. ஆர்எஃப்-க்கு இந்த இரண்டு கம்பெனிகளும் வரத் தொடங்கியதே 2024-ல்தான், அதுவும் அளவில் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கான லென்ஸ்களோடு.

தேரூர், சுசீந்திரம் குளங்களில் பறவை எடுக்கப் போகிறவர் கதை வேறு. அங்கே எந்த நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு வரப்போரம் நடக்க முடியும் என்பதை வைத்துத்தான் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோனியின் 200-600 எம்எம் அருமையான லென்ஸ், ஆனால் எடை 2 கிலோவைத் தாண்டும். கேனானின் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். வெளிச்சம் குறைந்தால் திணறும், விடிகாலையில் அது தெரியும். கல்யாண வேலைக்கு என்றால் நீங்கள் சேரப்போகும் டீம் எதை வைத்திருக்கிறதோ அதையே எடுங்கள். இரண்டு கம்பெனி வீடியோவின் கலரைச் சேர்ப்பதில் எடிட்டருக்குப் போகும் நேரம் உங்கள் கூலியில்தான் பிடிக்கப்படும். முடிந்தால் இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள பாடி. தாலி கட்டும் நேரத்தில் கார்டு காலைவாரினால் எந்தக் கம்பெனிப் பெயரும் கைகொடுக்காது.

இனி நம் கடலுக்கு வருவோம். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. முட்டம் பாறையிலோ கன்னியாகுமரி முக்கடல் முனையிலோ அரை மணி நேரம் நின்றாலே லென்ஸின் முன்கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம் தெரியும். அது உப்பு. காய்ந்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில் பச்சை பூப்பது, பட்டன் ஒட்டிக்கொள்வது எல்லாம் இதன் வேலை. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடியை மட்டும் அந்தத் துணியால் தொடாதீர்கள், அதற்கு லென்ஸ் துணியும் திரவமும் தனி. லென்ஸின் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் வீண் செலவு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கடலோரத்தில் வேலை செய்யாதவர்கள். சொத்தவிளை மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், ஆரல்வாய்மொழி காற்றிலும்தான். மிரர்லெஸ்ஸில் பல பாடிகளுக்கு லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும்.

'வெதர் சீலிங்' (மழை, தூசி உள்ளே போகாமல் தடுக்கும் அடைப்பு) என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் விலையேறிய பாடிகளுக்கு உள்ள வசதி, கம்பெனியைப் பொறுத்ததில்லை. சீலிங் உள்ள பாடியில் ரப்பர் வளையம் இல்லாத, கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸை மாட்டினால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கிய கேமராவுக்குப் பொதுவாக வாரன்ட்டியும் கிடைக்காது.

பூஞ்சை இன்னும் மோசம், சத்தமில்லாமல் வரும். தோல் உறையில் போட்டு மர அலமாரியில் பூட்டி வைப்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவு போதும். மீட்டர் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தைப் போக்கி மறுபடி போடலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவுதான் உள்ளே போகும். நாள்பட்ட பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். அப்புறம் நான் துடைத்துக் கொடுத்தாலும் தழும்பு போகாது.

நம் வீடுகளில் கேமரா பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து அண்ணன், மாமன் பெட்டியில் வருகிறது. விலை குறையலாம். ஆனால் பெரும்பாலான பாடிகளின் வாரன்ட்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான சோனி என்றால் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது. இங்கே வாங்கினாலும் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் திருவனந்தபுரத்திலா, மதுரையிலா, சென்னையிலா என்று முதலில் பாருங்கள். ஒரு பட்டன் பழுதுக்கு இரண்டு நாள் வேலையை விடுவதா இல்லையா என்பது அதில் இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எல்லோரும் ஷட்டர் கவுண்ட் (எத்தனை படம் எடுத்தது என்ற எண்ணிக்கை) கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் மணிக்கணக்காக வீடியோ ஓடிய கேமராவில் அந்த எண் குறைவாகத்தான் காட்டும். மெமரி கார்டு மூடியின் ஓரம், யூஎஸ்பி, மைக் துளைகள், பிடியில் உள்ள ரப்பர், இவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்து முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது கிளை பிரிந்து தெரிந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் பாடியின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று ஒத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.