கிராம சபையில் தீர்மானம் போட்டால் மட்டும் போதாது

மறுபடியும் அதே மாதிரி ஒரு கிராம சபைத் தீர்மான நகல் என்னிடம் வந்திருக்கிறது. "எங்கள் ஊராட்சி எல்லைக்குள் டாஸ்மாக் கடை கூடாது எனத் தீர்மானிக்கப்படுகிறது." அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். கடை எந்தப் புல எண்ணில் (சர்வே எண்) இருக்கிறது, பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை மீட்டர், எந்த விதி மீறப்பட்டிருக்கிறது, எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று எதுவுமே இல்லை. கடை வழக்கம்போல நடக்கிறது. ஊரார் கேட்கும் கேள்வியும் மாறவில்லை: "கிராம சபைத் தீர்மானத்தை நீதிமன்றம்கூட மாற்ற முடியாதாமே, பிறகு ஏன் கடையை எடுக்கவில்லை?"

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த ஒரு வரி நம் ஊராட்சிகளுக்குச் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சமல்ல. கிராம சபைத் தீர்மானம் தானாகச் சட்டம் ஆகாது. எந்தச் சட்டப் பிரிவின் மேல் நிற்கிறதோ, அந்தப் பிரிவு தரும் பலம்தான் அதற்கு உண்டு.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம், ஐந்தாண்டுப் பதவிக்காலம், இட ஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதிக்குழு எல்லாம் அதில் வந்தவை. ஆனால் உள்ளாட்சி பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் அன்றும் இன்றும் சட்டமன்றத்திடம்தான் இருக்கிறது. ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 5-ஆவது இனத்தைப் பாருங்கள். அரசியலமைப்பின் 243ஏ பிரிவு, மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின் மூலம் தரும் அதிகாரங்களைக் கிராம சபை செலுத்தலாம் என்கிறது. 243ஜி பிரிவு, ஊராட்சிகளுக்குச் சட்டமன்றம் அதிகாரம் "வழங்கலாம்" என்கிறது. "வழங்க வேண்டும்" என்று அங்கே எழுதியில்லை. பதினோராம் அட்டவணையின் 29 துறைகளும் ஊராட்சிக்கு வந்துவிட்டன என்று மேடையில் பேசுபவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். பள்ளிக் கல்வியும் பொது விநியோகமும் அந்த 29-இல் உண்டு. உங்கள் ஊர் தலைமை ஆசிரியரும் ரேஷன் கடை விற்பனையாளரும் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த இடத்தை 2016-இல் பாதியாக்கியது சட்டமன்றம். மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025-இல் வழிசெய்ததும் சட்டமன்றம். ஊராட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் இந்தச் சட்டத்தின் 202-ஆவது பிரிவு மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. விளக்கம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், ஆனால் செய்யலாம். சட்டம் இயற்றுவதற்குக் கொஞ்சம் நெருக்கமாக ஊராட்சியிடம் இருப்பது, சட்டத்துக்கு உட்பட்டு அது வகுக்கும் துணைவிதிதான். அதற்கும் மேலிட ஒப்புதல் வேண்டும்.

"நியம்கிரியில் வேதாந்தாவையே கிராம சபை விரட்டியதே?" உண்மை. 2013-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி ஒடிசாவின் நியம்கிரி மலைப் பகுதியில் 12 கிராம சபைகள் கூடி வேதாந்தா நிறுவனத்துக்கான பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தன. அந்தப் பலம் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலிருந்தும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடியினர் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும் வந்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே இல்லை. வன உரிமைச் சட்டம் இங்கும் உண்டு. மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் அந்தச் சட்டத்தைத் தீர்மானத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், பலரும் குறிப்பிடுவதே இல்லை. சமவெளி ஊராட்சி நியம்கிரியைக் காட்டி வாதாடினால் முதல் விசாரணையிலேயே அடிபடும்.

அப்படியானால் தீர்மானம் வீணா? இல்லவே இல்லை. ஒழுங்காக எழுதினால் அதைவிட நல்ல ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது.

முதலில் கூட்டம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டும். ஏழு நாள் முன்னறிவிப்பு தேவை. குறைவெண் (கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டியவர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை) மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வீடுவீடாகப் போய் வாங்கிய கையெழுத்தை வருகைப் பதிவில் சேர்க்காதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். ஆண்டுக்கு ஆறு நாள்கள் உங்களுக்கு இருக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

அடுத்து எழுதும் முறை. மதுக்கடை என்றால் 2003-ஆம் ஆண்டின் மது சில்லறை விற்பனை விதிகளில் 8-ஆவது விதியைக் குறிப்பிடுங்கள். வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர். வட்டாட்சியர் அளந்து அறிக்கை தர வேண்டும் என்று தேதி போட்டுக் கேளுங்கள். ஏரி ஆக்கிரமிப்பு என்றால் ஏரி யாருடையது என்று முதலில் பாருங்கள். 40 ஹெக்டேர் வரை ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் பாசன நிலம்) உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். புல எண், பரப்பு, 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்பு கொடுக்கக் கோரிக்கை, இந்த மூன்றும் இல்லாத தீர்மானம் கோப்பில் தூங்கும்.

குடிநீர், தெருவிளக்கு, வடிகால், சுடுகாடு, தெருச் சாலை இவை ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவின்படி ஊராட்சியின் கடமைகள். இவற்றுக்கு ஆட்சியரிடம் "ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று எழுதாதீர்கள். செய்ய வேண்டியவர்கள் நீங்கள். எந்த நிதியிலிருந்து, எவ்வளவு, எந்த வார்டில் என்று எழுதுங்கள். 2021–26 காலத்துக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிடத் தரப்பட்டது. அதில் சமுதாயக்கூடம் கட்டத் தீர்மானம் போட்டால் தணிக்கையில் நிற்பது உங்கள் பெயர்தான்.

கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் உடனே எழுதச் சொல்லி, வாசிக்கக் கேட்டு, பிறகு கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் தர மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

வார்டு உறுப்பினர்களே, தலைவர் மீது புகார் என்றால் மொட்டைக் கடிதம் வேண்டாம். தலைவரை நீக்கக் கோர ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு வழி காட்டுகிறது: மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட்டு, குற்றச்சாட்டுகளைத் தனித்தனியாக எழுதி, இரண்டு உறுப்பினர்கள் ஆட்சியரிடம் நேரில் கொடுக்க வேண்டும். அதே பிரிவை, பட்டியல் சமூகத்தவர் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததைப் பொறுக்காமல் பயன்படுத்துவதும் காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியவர் மறுப்பதும் நடக்கின்றன. இப்படித் தடுக்கப்படும் தலைவர்கள் ஒவ்வொரு மறுப்பையும் தேதியோடு எழுத்தில் பதிந்து, ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்மொழிப் புகார் நிற்காது. பெண் தலைவர்களின் கணவன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து கூட்டத்தில் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

ஊராட்சிக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம் அல்ல, சட்டமன்றம். "மதுக்கடைக்கு இடம் தேர்வு செய்யும் முன் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயம் என்று விதியைத் திருத்துக" என்பது போலத் திருத்த வாசகத்தையே எழுதி, உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் அனுப்புங்கள். ஒன்றியத்தில் உள்ள எல்லா ஊராட்சிகளும் ஒரே வாசகத்தை அனுப்பினால் இன்னும் நல்லது. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு, பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வாகம் நடத்தினார்கள். 2025 ஜனவரியிலும் பெரும்பாலான மாவட்டங்களில் அதே நிலை வந்தது. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடும், தீர்மானம் பதிவாகும். தலைவர் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கி, சபையில் வாசிக்கச் சொல்லுங்கள்.